மச்சான் செய்த இறக்கை

மச்சான் வீட்டு வாசலில் லாரி வந்து நின்ற பிறகுதான் கணக்கு வாத்தியாருக்கு உறைத்தது. இரண்டாவது இறக்கைக்கு லாரியில் இடமில்லை.

ஆறு வருடமாக வாத்தியார் தன் கொட்டகையில் ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். உடலும் ஒரு இறக்கையுமே கொட்டகையை அடைத்துவிட்டதால், இன்னொரு இறக்கையை மனைவியின் தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். தன் இறக்கையின் வரைபடத்தையே நகலெடுத்துக் கொடுத்து, "இதுல இருக்கிற மாதிரியே செய். ஒரு நூல் பிசகக் கூடாது" என்று உத்தரவும் போட்டிருந்தார். மச்சான் சொன்ன பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

இன்று மாலை சின்ன விமானங்கள் பறக்கும் மைதானத்தில் பரிசோதகர் பார்த்துச் சரி என்றால்தான் விமானத்துக்கு அங்கே இடம். இல்லாவிட்டால் ஆறு வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி.

லாரியைச் சுற்றித் தெருவே கூடிவிட்டது.

"இது என்னங்க, தண்ணித் தொட்டியா?" என்றார் ஒருவர்.

"றெக்கையை நிமிர்த்தி வச்சுக் கட்டிடலாம் அத்தான்" என்றான் மச்சான்.

கட்டினார்கள். தெருமுனை தாண்டியதும் இறக்கையில் காற்றுப் பிடித்து, லாரியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

லாரிக்காரர் ஓரங்கட்டினார். "எனக்கு ஓட்டறதுக்குத்தான் லைசென்ஸ். பறக்கறதுக்கு இல்லீங்க."

உடலைப் பின்னால் தள்ளி, முன்பக்கம் இடம் பண்ணி, இறக்கையைப் படுக்க வைத்தார்கள். வால் வெளியே நீட்டிக்கொண்டது. அதிலிருந்த, விமானத்தைத் திருப்பும் சுக்கான் காற்றில் இடதும் வலதுமாக ஆட, பின்னால் வந்த வண்டிகளெல்லாம் குழம்பிப்போய் நின்றுவிட்டன.

போக்குவரத்துக் காவலர் வந்து வாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எந்தப் பக்கம் திரும்பப் போகுதுன்னு சொல்லுது?"

"எந்தப் பக்கமும் இல்ல சார். இது விமானம்."

"அப்ப ஏன் ரோட்ல போகுது?"



"வாலை உள்ள இழுத்துட்டுப் போங்க" என்றார் காவலர்.

இழுத்ததும் பழையபடி ஒரு இறக்கைக்குத்தான் இடம். ஒன்றின் மேல் ஒன்றை வைப்பதென்றால் வாத்தியாருக்கு உயிர் போனது போலத்தான். நசுங்கினால் முடிந்தது கதை. இருந்தாலும் வேறு வழியில்லை. நடுவில், அடிபடாமலிருக்க வீட்டிலிருந்து ஏற்றி வந்திருந்த மெத்தையைப் போட்டு, மச்சானின் இறக்கையைத் தன்னுடையதன் மேல் மெதுவாக இறக்கினார்.

அச்சில் வார்த்தது போல் உட்கார்ந்தது. அகலமான முனை மேல் அகலமான முனை, வளைவு மேல் வளைவு. ஒரு நூல் பிசகவில்லை.

வாத்தியாருக்குக் கண் கலங்கியது. கல்யாணமான நாளிலிருந்து திட்டியே பழகிய மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இப்படிச் சொன்னபடி செய்வேன்னு நான் கனவுலகூட நினைக்கலடா."

"படத்துல இருந்ததைத் தவிர நான் ஒண்ணுமே பண்ணல அத்தான்" என்றான் மச்சான், நெளிந்துகொண்டே.

ஒரு கீறல்கூட இல்லாமல் மைதானம் வந்து சேர்ந்தார்கள். பரிசோதகர் தூரத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார். வீட்டு மெத்தையெல்லாம் லாரியில் ஏறிவிட்டதால் கூடவே கிளம்பி வந்திருந்த மனைவி, மெத்தையை உருவப் போனவள், இறக்கைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஒரு சந்தேகம். என் செருப்பு ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா இப்படிப் பொருந்தாதே. இது ரெண்டுமே இடது காலா?"