மூன்று தரம் வந்தவருக்கு ஒரு ரோல்ஸ்

சனிக்கிழமை காலை கடையில் நாங்கள் நாலு பேர். முதலாளி சுதா, அடுப்படியில் சாந்தி, காசுமேசையில் மேரி, வாசலில் ரோல்ஸ் தட்டோடு நான்.

பார்க்கிங்குக்கு அந்தப் பக்கம் புதுச் சாப்பாட்டுக்கடை ஒன்று திறந்த நாள் அது. எங்களிடம் வாங்குகிற ஆட்கள் அங்கே போய்விடக் கூடாது. அதற்காக ஆளுக்கொரு மட்டன் ரோல்ஸ் இலவசம். மொத்தம் நூற்றிருபது.

"எங்கட கிளையன்ரெல்லுக்கு மட்டும் குடுங்கோ அண்ணை," என்றார் சுதா.

"அது ஆர் தங்கச்சி?"

"ஒராள் இல்லை. வழக்கமா எங்களிட்ட வாற எல்லாரையும் சேர்த்துச் சொல்லுறது."

"வழக்கமா எண்டால் எத்தினை தரம்?"

"ஐயோ அண்ணை, பாத்துக் குடுங்கோவன்!"

எனக்குப் பார்த்துக் கொடுக்கத் தெரியாது. எண்ணிக் கொடுக்கத்தான் தெரியும். மூன்று தரம் வந்தால் வழக்கம் என்று நானே சட்டம் போட்டேன்.

முதலில் ஒரு அன்ரி வந்தார். வெட்கத்தில் அவருடைய சப்பாத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

"இஞ்ச எத்தினை தரம் வந்தனீங்கள்?"

"ரெண்டு. ஏன்?"

"இன்னும் ஒருக்கா வரவேணும்."

"ரோல்ஸுக்கும் விசாவோ!"

அன்ரி பார்க்கிங்கைக் கடந்து போனார்.

அடுத்தவர் சிரித்தார். "அதுக்கு ஆர் கணக்கு வைச்சது? எத்தினையோ தரம்!"

"கணக்கில்லாட்டிக் குடுக்கேலாது."

அவரும் போனார். அவரைப் போலக் கணக்கு வைக்காதவர்கள் பிறகும் வந்தார்கள். வந்த வழியே போனார்கள்.

பக்கத்து ஊரான யூனியன்வில்லில் இருந்து ஒரு அங்கிள் வந்தார். "ஒரேயொருக்காத்தான் வந்தனான்," என்றார்.

"அப்ப இல்லை."

உள்ளே இருந்து மேரி கத்தினார். "அண்ணை! மூத்த மகளின்ர கலியாணத்துக்கு நானூறு பேருக்குச் சாப்பாடு எடுத்தவர் உவர்தான்!"

"எண்டாலும் ஒருக்காத்தானே?"

"ரெண்டாவது மகளின்ர கலியாணச் சாப்பாட்டுக்குச் சொல்லத்தான் வந்தனான்," என்றார் அங்கிள். சொன்னார், எங்களிடம் அல்ல, எதிர்க்கடையில்.

பிறகு பொன்னையா அண்ணை. "நான் ஒவ்வொரு நாளும் வாறன்!"

உண்மை. குளிருக்கு ஒதுங்கி, இலவசப் பேப்பரை வாசித்துவிட்டுப் போவார். ஒரு தேத்தண்ணிகூட வாங்கியதில்லை. ஆனால் சட்டம் சட்டம். கொடுத்தேன்.

"சில நாள் ரெண்டு தரமும் வாறனான்," என்று இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் சுதா வெளியே வந்தார். தட்டைப் பார்த்தார். எதிர்க்கடை வாசலில் நின்ற நீள வரிசையைப் பார்த்தார்.

"அண்ணை, எங்கட கிளையன்ரெல் எங்க?"

என் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ரோல்ஸ் மிச்சம் நூற்றுப் பதினெட்டு, கிளையன்ரெல் மிச்சம் ஒன்று.