மாமனாரும் புகை போட்ட இறைச்சியும்

காதலித்த பெண்ணின் அப்பாவைச் சந்தோஷப்படுத்தக் கிளம்புகிறவனுக்கு முதலில் லீவில் போவது மூளைதான்.

தேவியின் அப்பா வத்தளையில் கடை வைத்திருப்பவர். எங்கள் கல்யாணத்துக்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "ஒங்க ஊர்ப் பக்கம் வந்து பாத்துட்டுச் சொல்றேன் தம்பி" என்றார். அவருக்குப் புகை போட்ட இறைச்சி என்றால் உயிர் என்று தேவி என் காதில் போட்டு வைத்தாள். உடனே திட்டம் தயார். கேகாலையில் கோழி, ருவான்வெல்லையில் பன்றி, கரவனெல்லையில் மறுபடியும் பன்றி. கூட்டாளியின் வேனை இரவல் வாங்கி, எல்லோருக்கும் லீவு இருக்கிற நாளாகப் பார்த்து அவரை வரச் சொன்னேன். அன்று ஏன் லீவு என்று மட்டும் யோசிக்கவில்லை.

காலையில் அம்மா சாப்பிடவில்லை. "பௌர்ணமி விரதம்டா" என்றார். (அப்போதாவது மண்டையில் ஏறியிருக்கலாம்.)

கேகாலையில் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அத போயனே" என்றார், இன்றைக்குப் போயா என்று சிங்களத்தில். பௌர்ணமிதோறும் வரும் பௌத்தர்களின் போயா விடுமுறையில் எந்த ஊரிலும் இறைச்சி விற்க மாட்டார்கள். வேனுக்குத் திரும்பி, "இங்க அவ்வளவு நல்லா இருக்காதுங்க, ருவான்வெல்லைக்குப் போவோம்" என்றேன். ருவான்வெல்லையும் பூட்டு. "கரவனெல்லைதாங்க ஸ்பெஷல்" என்றேன். ஸ்டியரிங் என் வியர்வையில் வழுக்கியது.

வழியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே புகை எழுந்தது. "அங்கதானா தம்பி?" என்று தேவியின் அப்பா கேட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே "ஆமாங்க" என்றது.

அது ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கட்டடம். எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். அவர் விறுவிறுவென்று நடந்து போய்க் கதவைத் திறந்தார். உள்ளே பழுப்பு ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. இதோடு தேவி இல்லை என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

"இன்னைக்குப் போயாங்க. மறந்துட்டேன். எங்கயுமே கெடைக்காது" என்றேன். குரல் அழுகிற மாதிரி வந்தது.

"காலையிலயே தெரியும். நானும் கடக்காரன்தானே. நீங்க எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பிறகு ஒரு ஷீட்டின் நுனியை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"சரி, இது வேக எவ்வளவு நேரமாகும், மாப்பிள்ள?"

கடைசி வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கறி கொஞ்சம் வேகாமல் போனால், மாமா தட்டைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்பார்: "மாப்பிள்ள, இது எந்தத் தோட்டத்து ஷீட்டு?"

சமைத்தது தேவி. ஆனால் அவள் முறைப்பது என்னைத்தான்.