டிக்கியில் கொழு வைத்த மாமன் எழுதுவது

ஒண்டிப்புதூர்
1962, தை ஐந்தாம் தேதி ஆரம்பம்

சிரஞ்சீவி மாப்பிள்ளை சீனிவாசலு அவர்களுக்கு, உங்கள் மாமன் கோவிந்தராஜுலு தன் சொந்தக் கையால் எழுதிக்கொண்டது. இதுவரை உங்களுக்கு வந்த என் கடிதங்கள் எல்லாம் தபால்காரர் எழுதியவை. இது என் கை. அறுபத்தெட்டு வயதில் முதியோர் பள்ளியில் சேர்ந்து, எட்டு மாதத்தில் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு அரைப்பக்கம் எழுத வரும். இது அவசர விஷயம் என்பதால் முக்கால் பக்கம் எழுதப் பார்க்கிறேன்.

இங்கே நானும் உங்கள் அத்தை ரங்கம்மாளும் மாடு கன்றுகளும் சௌக்கியம். அங்கே உங்களோடு இருக்கும் எங்கள் மகள் அம்புஜத்துக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் நல்லபடியாக ஆகவேண்டும் என்று ஈச்சனாரிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கத்தான் போன வெள்ளிக்கிழமை என் தம்பி அரங்கசாமியின் காரில் புறப்பட்டோம். போகிற வழியில் போத்தனூர் ஆசாரியிடம் தட்டிக் கூராக்க, என் கலப்பையின் நுனி இரும்பான கொழு ஒன்றையும் டிக்கியில் போட்டேன். கூர்முனை வெளிப்பக்கம் இருந்தால் டிக்கி திறக்கிறவர் கையில் குத்திவிடுமே என்று, முனையை உள்பக்கமாகத் திருப்பி வைத்தேன். ஜாக்கிரதையாகத்தான் வைத்தேன் மாப்பிள்ளை. உள்பக்கம் பெட்ரோல் டேங்க் இருப்பது எனக்குத் தெரியாது.

வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம். கடைப் பலகை, சுவர் விளம்பரம், ஒன்று விடாமல் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டு வந்தேன். உக்கடம் பெட்ரோல் பங்கில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. "இங்... கே... நெ... ருப்... பு..." என்று வருவதற்குள் அரங்கசாமி காரை எடுத்துவிட்டான். "டேய், திருப்புடா, மிச்சத்தப் படிக்கோணும்" என்றேன். "ஏனுங்கண்ணா, நெருப்பு அங்கயே இருக்கட்டுமுங்க, நாம போலாம்" என்கிறான். "இங்கே நெருப்பு கிடைக்கும்னு இருக்குமுங்க" என்றாள் உங்கள் அத்தை. எனக்கு மனசு ஆறவில்லை. நெருப்பு என்ன செய்யும், எப்போது செய்யும் என்று போத்தனூர் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

கேட் மூடியிருந்தது, நின்றோம். எங்களுக்குப் பின்னால் கோட்டைமேட்டு நசுருதீன் பாய் கூட்ஸ் ஷெட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் வந்து நின்றார். ரயில் ஊதிற்று பாருங்கள், மாடு ரெண்டும் மிரண்டு ஒரே பாய்ச்சல். மாடுகளுக்கு நடுவே நீண்டிருக்கும் வண்டியின் ஏர்க்கால் முனை டிக்கிக் கதவில் மோதி, கதவு உள்ளே மடங்கி, கதவு கொழுவைத் தள்ளி, கொழு போய் டேங்கில் ஒரு ஓட்டை போட்டுவிட்டது. ஆளுக்கோ மாட்டுக்கோ ஒரு கீறல் இல்லை. இறங்கிப் பார்த்தால் காருக்கு அடியில் ஏதோ சொட்டுகிறது. அரங்கசாமி தண்ணீர் என்று நினைத்தான். உங்கள் அத்தை அதுகூட நினைக்கவில்லை. "ஆருக்கும் ஒண்ணும் ஆகல, கண்ணு பட்டிருக்குது, சுத்திப் போடோணும்" என்று பிள்ளையாருக்கு வைத்திருந்த கற்பூரத்தை எடுத்து, அடிபட்ட இடத்துக்கே போய், சொட்டுகிற இடத்திலேயே நின்று தீப்பெட்டியைத் திறந்தாள்.

அப்போதுதான் அந்த வாசனை என் மூக்குக்கு வந்தது. பங்கில் அடித்த அதே வாசனை. பலகையின் மிச்சம் கண் முன்னால் சிவப்பாக நின்றது. "ப... பற்... பற்ற..." என்கிறேன், அவசரத்துக்கு வாய் வந்தால்தானே! "என்னுங்க பத்தல? இன்னொரு கற்பூரம் இருக்குதுங்க" என்கிறாள் அவள். நசுருதீன் பாய்தான் வண்டியிலிருந்து குதித்து, "ஏனுங்கம்மா, தீப்பெட்டியக் கொண்டாங்க, பெட்ரோல் ஒழுகுது!" என்று பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். அவர் வண்டியில் இருந்த சரக்கு என்ன தெரியுமா, துணி துவைக்கிற பார் சோப்பு. ஒரு கட்டியை நனைத்துப் பிசைந்து ஓட்டையில் அப்பினார், நின்றுபோயிற்று. முட்டினதும் அவர்தான், அடைத்ததும் அவர்தான். அன்றைக்குப் பிள்ளையாருக்கு எங்களோடு அவரும் ஒரு தேங்காய் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மெக்கானிக் ஈஸ்வரமூர்த்தியிடம் காரை விட்டோம். அவர் சொன்னதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. "முன்னாடி மோதுனா எஞ்சின் தாங்குமுங்க. பின்னாடி மோதுனா தாங்கறதுக்கு இந்த டேங்க்தானுங்க. அதுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல வெறும் அட்டை" என்றார். டேங்கை நாலு சக்கரத்துக்கு நடுவில் ஒளித்து வைத்தால் யார் மோதினாலும் பயமில்லையாம். கார் செய்கிறவர்கள் ஒருநாள் அப்படிச் செய்யத்தான் போகிறார்கள். நானே எழுதிக் கேட்கப் போகிறேன், கைதான் வந்துவிட்டதே. அதுவரைக்கும் ஒரு கனத்த இரும்புத் தகட்டை நடுவில் சுவர் மாதிரி வைத்து முடுக்கிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். இந்தத் தை இருபதாம் தேதி சீமந்தம். பதினெட்டாம் தேதி அம்புஜத்தைக் காரில் கூட்டி வருவதாகச் சொல்லியனுப்பினீர்கள். குன்னூர் எஸ்டேட் துரை விற்றுவிட்டுப் போன கார், ஆமை மாதிரி இருக்கும் என்றீர்கள். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. ஆமைக்கும் பின்பக்கம் உண்டு அல்லவா? நீங்கள் நான் தூக்கி வளர்த்த பிள்ளைதான் என்றாலும், மாப்பிள்ளை என்பதால் கையெடுத்துக் கேட்கிறேன். டிக்கியில் கூரான சாமான் எதுவும் வேண்டாம். அம்புஜத்தைப் பின்சீட்டில் உட்கார வைக்க வேண்டாம், முன்சீட்டில் வையுங்கள். புறப்படும்போது கற்பூரம் சுற்றுவதானால் காருக்கு முன்னால் நின்று சுற்றுங்கள், பின்பக்கம் போகவே வேண்டாம். இந்தக் கடிதம் கண்டதும் பதில் போடுங்கள், தகட்டோடு ஈஸ்வரமூர்த்தியை பஸ்ஸில் அனுப்புகிறேன். பதிலைப் பெரிய எழுத்தாக எழுதுங்கள், நானே படிப்பேன்.

உங்கள் இரண்டு பேருக்கும், இன்னும் பேர் வைக்காத அந்த மூன்றாவது ஆளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கோவிந்தராஜுலு (கைரேகை இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு, தை பதினைந்து: கடிதத்தை உறையில் போடப்போகிற நேரத்தில் வாசலில் ஹாரன் சத்தம். மூன்று நாள் முன்னதாகவே நீங்கள் வந்துவிட்டீர்கள். நான் எழுதிப் படித்துக் காட்டின புத்திமதியை நம்பி, உங்கள் அத்தை ஆரத்தித் தட்டோடு காரின் முன்பக்கம் போய் நின்று தீக்குச்சியை எடுத்தாள். நீங்கள் பெட்டி எடுக்க முன்மூடியைத் தூக்கினீர்கள். உள்ளே பெட்ரோல் டேங்க்! எஞ்சின் பின்னால் இருக்கிறதாம். இப்படியும் ஒரு கார் செய்வார்களா மாப்பிள்ளை? ஆகையால் மேலே நான் முன்னால் என்று எழுதியதையெல்லாம் பின்னால் என்றும், பின்னால் என்று எழுதியதையெல்லாம் முன்னால் என்றும் படித்துக்கொள்ளவும். தபால் தலை ஒட்டியாயிற்று, வீணாக்க மனமில்லை, கையிலேயே கொடுக்கிறேன். ஆனால் ஒன்று. தீக்குச்சியைப் பார்த்ததும் "இங்கே நெருப்பு பற்றவைக்கக் கூடாது" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். தீக்குச்சி கீழே விழுந்தது. "அப்பா இப்பத் திக்காமப் படிக்கறாருங்க" என்று அம்புஜம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முழுப் பலகையும் ஒரே மூச்சில்.