இடது கன்னம், வலது கன்னம்

மருந்தைப் பூசிக்கொள்பவர்கள் ஒரு வகை. மருந்தை ஒப்பிடுபவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைத் தோல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். கன்னமும் மூக்கும் சிவந்துபோகும் ரோசேசியா என்ற தொல்லைக்காக வந்திருப்பார்கள், மடியில் தடித்த கோப்பு இருக்கும், பக்கத்து நாற்காலிக்காரரிடம் பெயரைக்கூடக் கேட்காமல், எடுத்த எடுப்பில் "உங்களுக்கு எந்த டியூப்?" என்பார்கள்.

மெட்ரோனிடசோல் ஜெல்லா, அது பழசாச்சே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அசெலாயிக் ஆசிடா, எரியுமே என்று பதறுவார்கள். ஐவர்மெக்டின் கிரீம் என்றால் மட்டும் குரலைத் தாழ்த்தி, முகத்தில் குடியிருக்கும் நுண்பூச்சிகளை அது ஒரு கை பார்க்குமாம் என்று சொல்லிவிட்டு, கேட்டவர் தம் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்ளும்வரை ஆசையோடு காத்திருப்பார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகப் பூசினார்களா என்றா கேட்கிறீர்கள்? நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டீர்கள், போங்கள்!

என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, இந்த இனத்தின் சிகரம். அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை அவருடையது. பரம சாது. ஆனால் அந்தச் சிவந்த முகத்தைப் பார்த்ததும், ஐயா கோபத்தில் இருக்கிறார் போலிருக்கிறது என்று பலர் புகாரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மூன்று மாதத்துக்குள் முகம் தெளியாவிட்டால் பின்னறையில் கோப்பு அடுக்கத்தான் போகவேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். நாலு பேரோடு பேசாவிட்டால் மாப்பிள்ளைக்குச் சோறு இறங்காது. எனக்கே பாவமாக இருந்தது.

டாக்டர் ஒரு டியூபைக் கொடுத்து, பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பொறுமையாகப் பூசுங்கள் என்றார். ஒன்றே ஒன்றா! மாப்பிள்ளை இன்னொரு டாக்டரிடம் ஓடி இன்னொன்று எழுதி வாங்கினார். இடது கன்னத்துக்கு ஒன்று, வலது கன்னத்துக்கு மற்றது. தினமும் காலையில் எதிரே உட்கார்ந்து, எந்தப் பக்கம் தேவலை என்று நோட்டில் எழுதுவது தங்கையின் வேலை. அவளும் பத்து வாரம் சலிக்காமல் எழுதினாள். இடதுதான் ஜெயித்தது. தோற்ற டியூபைக் குப்பையில் வீசிவிட்டு, ஜெயித்ததை முகம் முழுக்க அப்பினார் மாப்பிள்ளை. ஒரே வாரத்தில், நன்றாக இருந்த கன்னமும் சிவக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

"நீ இடதுன்னு எழுதினது யாரோட இடது?"

"எதிர்ல உக்காந்து பாக்கறது நான்தானே? என்னோட இடதுதான்," என்றாள் தங்கை.

கெடு முடிந்தது. மாப்பிள்ளையின் மேசைக்கு, அவருக்குப் பதிலாக, வேறு பிரிவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். அவருக்கும் இதே ரோசேசியாதானாம். டாக்டர் கொடுத்த ஒரே டியூபை மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு பூசியிருக்கிறார். முகம் பளிச்சென்று இருந்தது. பின்னறைக்கு மூட்டை கட்டிய மாப்பிள்ளை, அந்த அம்மாளிடம் ஒரு வாழ்த்துச் சொன்னாரா? இல்லை. கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"உங்களுக்கு எந்த டியூப்?"

அந்த அம்மாள் சொன்ன பெயர் எனக்கும் தெரியும். இங்கே எழுதமாட்டேன். அட, முக்கியமானதை விட்டுவிட்டானே என்று இப்போது முணுமுணுத்தீர்கள் அல்லவா? வாருங்கள், காத்திருப்பு அறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.