மௌனத் துணி

கடலே இல்லாத ஊரில் கடலுக்கென்று ஓர் அடியார் முளைத்திருந்தார். கடலடியார் என்று பெயர். அவர் கடலைப் பார்த்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நம்பிக்கை குறைந்துவிடும் அல்லவா?

உப்புநீர்த் தொட்டி வைத்துப் பவளமும் வண்ணமீனும் வளர்க்கிறவர்கள் எல்லோரும் அவர் வாசலில் காத்துக் கிடந்தார்கள். பல் மருத்துவர் நின்றார். வங்கி மேலாளர் நின்றார். இயற்பியல் பேராசிரியர், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றார். எல்லோருக்கும் ஒரே தொல்லை, தொட்டிக்குள் பாசி. கல்லின் மேலும் மணலின் மேலும் சிவப்பு வெல்வெட் விரித்ததுபோல் படரும் வழவழப்பான பாசி. காலையில் உறிஞ்சி எடுத்தால் மாலையில் வந்து உட்கார்ந்துவிடும், சொல்லாமல் வரும் சம்பந்தி மாதிரி.

அடியாரின் வைத்தியம் எளிது. பெரிய சிப்பி ஒன்றைத் தொட்டியின் கண்ணாடியில் வைத்து அதில் காதைப் பதிப்பார். "கடல் அழுவுது" என்பார். பிறகு 'மௌனத் துணி' என்ற தடித்த கறுப்புத் துணியால் தொட்டியை முழுக்க மூடி, மந்திரம் முணுமுணுத்து, மூன்று நாள் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போடுவார். திறந்தால் பாசி இருக்காது! கூட்டம் வாயைப் பிளக்கும். சில வாரங்களில் பாசி திரும்பி வரும். அடியாரும் திரும்பி வருவார், காணிக்கைத் தொகையை உயர்த்திக்கொண்டு. பாசி போனால் அடியாரின் மகிமை. பாசி வந்தால் வீட்டுக்காரரின் பாவம். இதைவிட நஷ்டமில்லாத தொழில் உலகத்தில் உண்டா?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் இந்த வலையில் விழுந்தார். கடையின் முன்ஜன்னலில் அவருடைய சின்னத் தொட்டி இருந்தது. அதில் சில மீன்கள், ஓர் இளஞ்சிவப்புப் பவளம். கட்டைவிரல் அளவுத் துண்டாக வாங்கி உள்ளங்கை அளவுக்கு வளர்த்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறவர், பவளத்தில் ஒரு கிளை சுருங்கினால் சோறு இறங்காமல் தவிப்பார்.

அடியார் கடையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார்.

"இங்க வர்றவங்க எல்லாம் யாரு?"

"கண்ணு சரியாத் தெரியாதவங்கதான் ஐயா."

"அதானே பாத்தேன்! கோளாறான பார்வை. நாள் முழுக்க அது பட்டா தண்ணி கெடாம என்ன பண்ணும்?"

கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடம் ஊரார் கண்களைச் சோதித்தும் இந்தப் பேருண்மை தனக்குப் பிடிபடவில்லையே!

இரண்டு முறை மூடினார்கள். இரண்டு முறையும் பாசி போய்விட்டுத் திரும்பியது. பவளம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. "இந்தத் தடவை பத்து நாள் மூடணும்" என்றார் அடியார். கடைக்காரர் அதை வீட்டில் சொன்னபோது அவருடைய அண்ணன் தலையாட்டினார். அண்ணி ஆட்டவில்லை.

அண்ணி பேருந்து நடத்துநர். மனித குலத்தைப் பற்றி அவருக்குப் பெரிய மயக்கமெல்லாம் கிடையாது.

"வெளிச்சமே இல்லாம பத்து நாளா? உங்க பவளம் செத்தே போயிடும் தம்பி."

"பாசி போகுதே அண்ணி! நான் கண்ணால பாத்தேனே!"

"இருட்டுல வெச்சா பாசியுந்தான் சாகும். வேலை செஞ்சது துணியா, மந்திரமா? டிக்கெட் எடுத்துட்டேன்னு ஆயிரம் பேர் சொல்லுவாங்க. காட்டச் சொன்னாத்தானே தெரியும்?"

மூன்றாவது முறை மூடுவதற்கு அடியார் பெருங்கூட்டத்தோடு கடைக்கு வந்தார். ஜன்னலில் ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தன. இரண்டிலும் தொட்டித் தண்ணீர், பாசி பிடித்த கல்.

"ஐயா, இது உங்க கிண்ணம்" என்றார் அண்ணி. "மந்திரம் முழுசும் இதுக்கே சொல்லுங்க. துணி மட்டும் வேணாம். அது என் கிண்ணம். அதுக்கு மந்திரம் கிடையாது. என் வீட்டுக்காரரோட பழைய கறுப்பு பேண்ட்டப் போத்தி வைக்கிறேன்."

"பேண்ட்டா? அபச்சாரம்!"

"ஏன், கடலுக்கு பேண்ட் புடிக்காதா?"

"துணி இல்லாம பலிக்காதும்மா."

"அப்ப துணிதான் வேலை செய்யுதா?"

"சேச்சே! மந்திரந்தான்!"

"அப்புறம் என்ன தயக்கம்? சொல்லுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லை. வங்கி மேலாளர் கொட்டாவி விடும்வரை அடியார் மந்திரம் சொன்னார்.

மூன்று நாள் கழித்துக் கூட்டம் மறுபடி கூடியது. அடியாருக்கு அன்று பார்த்து வயிற்றுவலி. கைத்தாங்கலாகவே கூட்டி வந்தார்கள். மந்திரக் கிண்ணத்தில் கல்லே தெரியவில்லை. பாசி மொத்தமாகப் படர்ந்து பளபளத்தது. அண்ணி பேண்ட்டை எடுத்தார். உள்ளே வெறுங்கல்.

"மந்திரத்தத் தின்னு கொழுத்துப்போச்சு போல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு வெடித்தது.

அடியார் சளைக்கவில்லை. "அந்த பேண்ட்டப் போட்ட புண்ணியவானோட சக்தி அது!"

"அவரா? சாக்ஸையே வாரம் ஒரு தடவைதான் மாத்துவாரு" என்றார் அண்ணி. அண்ணன் கூரையை ஆராய்ந்தார்.

அடியார் கடைசி அம்பை எடுத்தார். துணியைக் கடைக்காரர் கையில் திணித்து, "இப்பவே மூடலேன்னா உங்க பவளம் செத்துடும்" என்றார்.

கடைக்காரர் தொட்டியருகே குனிந்தார். வெளுத்த பவளத்தைப் பார்த்தார். துணியை மடித்து அடியாரின் தோளிலேயே போட்டார். "வேணாங்க. இருட்டுல வெச்சு வெச்சு நாந்தான் அதைக் கொன்னுக்கிட்டு இருந்தேன்."

பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "ஆனா பாசி ஏன் திரும்பித் திரும்பி வருது?"

"அங்க பாருங்க."

கண்ணாடியைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த ஒருவர், கடை வழக்கப்படி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சிட்டிகை என்று நினைத்து ஒரு பிடி.

"கண்ணாடியக் கழட்டி வாங்கிக்கிட்டு தீனி டப்பாவக் கையில குடுத்தா, எவ்வளவு போடுறாங்கன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மீனு தின்னது போக மிச்சமெல்லாம் அழுகுது. பாசிக்கு தினமும் விருந்து."

கடைக்காரர் ஓடிப்போய் டப்பாவைப் பிடுங்கினார். அந்தக் கலவரத்தில் அடியார் வயிற்றுவலி குணமாகி வாசலைத் தாண்டிவிட்டார்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. இயற்பியல் பேராசிரியர் மட்டும் அண்ணியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அந்த பேண்ட் ஒரு வாரத்துக்குக் கிடைக்குமா?"

அண்ணி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தொட்டிய அப்புறம் மூடலாம் சார். மொதல்ல உங்க மூளை மேல ஒரு துணியப் போத்தி வெச்சிருக்கீங்களே, அதை எடுங்க!"