இருவெட்டு கேஸ்கட் கொணர்ந்த படலம்

எண்ணெய்க்கறை படிந்த நெற்றியனே, பதினேழாம் நம்பர் ஸ்பானரைச் செங்கோலாய் ஏந்திய கரத்தனே, காவேரிப்பட்டினத்து மெக்கானிக் குலதிலகனே, பூபதியே, வாழி! நின் புகழைப் பாட எமக்கு நா ஒன்றே உள்ளது. அதுவும் இந்த வெயிலில் வறண்டு கிடக்கிறது.

கேளீர். நாகரசம்பட்டித் தோட்டத்துப் பெருமாட்டி மங்கம்மாவின் மினிலாரி, சூடு தலைக்கேறி, பூபதியின் பட்டறையில் இஞ்சின் பிளந்து கிடந்தது. பறித்த மாங்காயோ தோட்டத்தில் குவிந்து, மாலை ஆறுக்குள் மாங்கூழ் ஆலையின் வாயிலை அடைந்தாக வேண்டியிருந்தது. வண்டி எழாவிடில் கொழுந்தன் கோவிந்தனிடம் டிராக்டர் கேட்க வேண்டும். வரப்புத் தகராறில் மூன்றாண்டாக அவன் முகத்தில் விழிக்காத அந்த மானக்காரிக்கு அதைவிட மாங்காய் அழுகுவதே மேல்.

தேவை ஒரே ஒரு ஹெட் கேஸ்கட். இஞ்சினின் உடலுக்கும் தலைக்கும் நடுவே அமரும் மெல்லிய தகடு அது. ஓரத்து வெட்டுகளே அதன் தடிமனைச் சொல்லும். பிஸ்டன் எழும் உயரத்தை மும்முறை அளந்த வீரன், இருவெட்டே ஏற்றதெனத் தெளிந்தான். உள்ளூர்க் கடைக்காரரோ மூன்றுவெட்டை நீட்டி, இதையே போட்டு முறுக்கு, எவன் பார்க்கப் போகிறான் என்றார். பூபதி சினந்தான். அச்சினத்தோடே ஓசூர் பஸ் ஏறி, சீட்டின்றி நின்றே சென்று, மூக்கண்டப்பள்ளியில் தமிழ் பாதி கன்னடம் பாதியாய் ஏழு கடை ஏறி இறங்கி, அங்கிருந்த ஒரே இருவெட்டைக் கைப்பற்றி, பச்சைக்குழந்தையைப் போல் மார்போடணைத்து நண்பகலில் மீண்டான். வென்றோம் என்றே நாமும் நினைத்தோம்.

தகட்டைப் பெஞ்சில் கிடத்தி, சிலிண்டர் முகத்தைத் துடைக்கத் திரும்பினான். காலைமுதல் ஸ்டூலில் காத்திருந்த மங்கம்மா, பக்திப் பெருக்கால் அப்புதுத்தகட்டைப் பட்டறைச் சாமிபடத்தின் முன் வைத்து, சந்தனம் அப்பி, குங்குமமிட்டு, தட்டு அகப்படாமையால் அதன் மேலேயே கற்பூரம் கொளுத்தினாள். தகட்டின் மேற்பூச்சு கொப்புளங்கொண்டு சுருண்டது.

"அக்கா, இதுல கை ஈரங்கூட படக்கூடாதுக்கா" என்றான் வீரன், அழாத குறையாக.

"சாமிக்குக் காட்டாம புதுச்சாமான எப்பிடிப்பா வண்டியில மாட்டறது?" என்றாள் அவள். பிறகுதான் தகட்டைக் குனிந்து பார்த்தாள்.

ஐயகோ, எண்டிசை யானைகளே, பிளிறுக! மூன்றாண்டு மானங்காத்த மாதரசி முந்தானையால் முகந்துடைத்து, குவிந்து கிடக்கும் கனிக்குலத்தை நெஞ்சில் நினைந்து, பெருமூச்செறிந்து, மடியிலிருந்து தன் படைக்கலத்தை உருவினாள்.

கோவிந்தனுக்குப் போன் போட்டாள்.