உடுப்புத் தோய்க்கிற அறையில் ஒரு பாராளுமன்றம்

உலகத்தில் எத்தனையோ நாட்டில் பாராளுமன்றம் இருக்கிறது. உடுப்புத் தோய்க்கிற அறையில் பாராளுமன்றம் நடத்துகிற ஒரே மனிதர் எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த வீட்டுக்காரர்தான். சந்தேகம் இருந்தால் இந்தப் பனி தேசத்துச் சென்ட் லோரன்ட்டுக்கு வாருங்கோ, நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

சொந்தப் பெயர் என்னவோ நீளமான துருக்கிப் பெயர். எங்களுக்கு அவர் 'எம்.பி. ஐயா'. உண்மையில் எம்.பி. அவர் இல்லை, அவருடைய அப்பப்பா. துருக்கியின் முதல் பாராளுமன்றத்தில் இருந்தவராம். ஐயாவிடம் இருப்பது பன்னிரண்டு வீடுகள் உள்ள மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. பதினொரு வீட்டில் நாங்கள், யாழ்ப்பாணத்து ஆட்கள். மற்றதில் அவரும் அப்பப்பாவின் படமும்.

குழாய் ஒழுகுகிறது என்று முறையிடப் போனால் மனுசன் தேத்தண்ணி தந்து இருத்திவிடும். பிறகு தொடங்கும் அப்பப்பா புராணம். அந்தக் குடும்பம் பொஸ்னியாக்காரர். வேறொரு அரசு வந்து ஊரைப் பிடிக்க, மாட்டு வண்டியில் பிளம்ஸ் கன்றுகளை ஏற்றிக்கொண்டு துருக்கிக்கு வந்தார்கள். ஒருத்தரும் சீண்டாத சதுப்பு நிலத்தை வாங்கி, வாய்க்கால் வெட்டி, தோட்டமாக்கிப் பெரிய நிலக்காரர் ஆனார்கள். அப்பப்பா அங்காராவுக்கு எம்.பி.யாகப் போய், பள்ளிக்கூட வாங்கில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் இருந்து நாட்டுக்குச் சட்டம் போட்டார். இவ்வளவும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் குழாய் அப்படியே ஒழுகிக்கொண்டிருக்கும்.

அப்பப்பாவுக்கு எவ்வளவு நிலம் என்று மட்டும் கேட்கக் கூடாது. முதல் பனி விழும்போது நாலு கிராமம். தை மாதத்தில் பன்னிரண்டு. ஹீட்டர் பழுதான வருசம், குதிரையில் மூன்று நாள் போனாலும் எல்லை வராது என்றார். நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ரத்தம் சும்மா விடுமா? கட்டடத்தில் எதுவென்றாலும் வாக்கெடுப்பு. ஹீட்டர் குழாயில் ஸ்பானரால் மூன்று தட்டு. எல்லா வீட்டிலும் கேட்கும். வீட்டுக்கு ஒரு ஆள் நிலவறைக்கு இறங்க வேண்டும். அவர்தான் சபாநாயகர்.

வேறு ஆட்கள் என்றால் 'விசர் மனுசன்' என்று கதவைச் சாத்தியிருப்பார்கள். அவருடைய அதிர்ஷ்டம், வந்து குடியிருந்தது நாங்கள். மூன்று யாழ்ப்பாணத்தார் சேர்ந்தால் ஒரு சங்கம், நாலாவது ஆள் வந்தால் இரண்டு சங்கம். முன்மொழிய, வழிமொழிய, நன்றியுரை சொல்ல நாங்கள் பிறந்த நாள் முதல் ஆயத்தம். இரண்டு கிழமையில் சபை விதிகளுக்கு ஒரு யாப்பு எழுதியாயிற்று. நான் செயலாளர். மூன்றாம் மாடிச் சிவலிங்கத்தார் எதிர்க்கட்சித் தலைவர். கருவாடு பொரிக்க நேரம் ஒதுக்கும் பிரேரணை மட்டும் மூன்று கூட்டம் ஓடியது. ஒவ்வொரு முறையும் சிவலிங்கத்தார் உச்சத்துக்குப் போகும்போது யாருடைய உடுப்பு மெசினோ சுழன்று அவர் குரலை விழுங்கிவிடும்.

போன மாரியில் ஐயா வாசலில் பனி அள்ளப் போய்ச் சறுக்கி விழுந்தார். வலக்கையில் மாவுக்கட்டு. ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருக்கிற மகள் அழுதுகொண்டு ஓடிவந்தாள். "அப்பா, இவ்வளவு நாள் தனிய இருந்தது காணும். கட்டடத்தை வித்துப்போட்டு என்னோடை வந்து இருங்கோ."

"பாராளுமன்றத்தைக் கேக்கவேணும்" என்றாராம் இவர்.

இடக்கையால் மூன்று தட்டு. இறங்கினோம். விசயத்தைச் சொல்லிவிட்டு, "நான் போகவோ, இருக்கவோ? நீங்கள் சொல்லுறதுதான் முடிவு" என்றார். அவர் பேசுவது பிரெஞ்சும் இங்கிலிசும் கலந்த ஒன்று, நான் என் பாஷையில் தருகிறேன்.

கட்டடம் விற்றால் நாங்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சிவலிங்கத்தார் எழும்பினார். "எங்கடை வீட்டை நினைச்சு வாக்குப் போடுறது சுயநலம். பெத்த பிள்ளை கூப்பிட்டால் போறதுதான் முறை. எங்களிலை எத்தினை பேரைப் பிள்ளையள் இப்பிடிக் கூப்பிடுகினம், சொல்லுங்கோ பாப்பம்?"

நெஞ்சைத் தொட்டுவிட்டார் மனுசன். பதினொரு கையும் உயர்ந்தன. எங்கள் தியாகத்தை நினைக்க எங்களுக்கே புல்லரித்தது. ஐயா கைகளை இரண்டு தரம் எண்ணினார்.

"சரி" என்றார், அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில். "அப்பப்பாவின்ரை தோட்டத்துக்குள்ளாலை றோட்டுப் போட வாக்கெடுக்கேக்கை, அவரும் றோட்டுக்குத்தான் கை உயர்த்தினவர். தோட்டம் போச்சு. வாக்கெண்டால் வாக்குத்தான்." கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார்.

வீட்டில் மனிசி என்னை நிற்கவைத்துக் கிழித்தாள். "உங்களுக்கெல்லாம் மூளை எண்ட ஒண்டு இருக்கே? போக விருப்பமெண்டால் அந்த மனுசன் பேசாமல் போயிருக்கும். 'போகாதேங்கோ' எண்டு ஒரு வாய் சொல்லுவியள் எண்டுதானே உங்களைக் கேட்டது!"

அடுத்த நாள் விடிய ஓடினேன். ஐயா அப்பப்பாவின் படத்தைத் துவாயால் சுற்றிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஐயா, பிழை விட்டிட்டம். போகாதேங்கோ."

"கூட்டக் குறிப்பிலை எழுதியாச்சு" என்றார். "எழுதினது நீர்."

நேரே சிவலிங்கத்தாரிடம் போனேன். "எனக்கும் ராத்திரிச் சாப்பாடு இறங்கேல்லை" என்றார். "ஆனால் யாப்பின்படி ஒரு தீர்மானத்தை ஆறு மாசத்துக்கு மாத்தேலாது." அந்த யாப்பை எழுதியதே இவர்தான். கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. அவர் நாடியைத் தடவினார். "மாத்தத்தான் ஏலாது. திருத்தம் கொண்டுவரலாம்."

சனிக்கிழமை கூடினோம். சாமான் கட்ட வெறும் பெட்டிகளோடு வந்த மகளும் நிலவறைக்கு இறங்கினாள். சிவலிங்கத்தார் எழும்பி, மகளுக்கும் விளங்கட்டும் என்று இங்கிலிசில் தொடங்கினார். "'ஐயா மகளோடு போய் இருக்க வேண்டும்' என்ற தீர்மானத்தில் 'ஞாயிற்றுக்கிழமைகளில்' என்ற சொல்லைச் சேர்க்க முன்மொழிகிறேன். பனி அள்ளுவது இனிமேல் பதினொரு வீட்டாரின் முறை."

மகள் பிரெஞ்சில் வெடித்தாள். "என்ரை அப்பாவைப் பற்றித் தீர்மானிக்க நீங்கள் ஆர்?"

பதினொரு பேரும் மெசினைப் பார்த்தோம். கேட்டால் விளங்கும், பதில் சொல்லப் போனால் எங்கள் பிரெஞ்சு போன்ஜூர், மெர்சியோடு முடிந்துவிடும். வாசலில் நின்ற என் மனிசிதான் வாய் திறந்தாள். கார்தெரியில் பிள்ளை பார்க்கிற வேலை செய்கிறவள், பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு. "தங்கச்சி, உம்மடை பயம் எங்களுக்கும் இருக்கு. ஒவ்வொரு நாள் விடியவும் நான் போய் அவற்றை கதவைத் தட்டுவன். ஏதும் எண்டால் நீர் பாலம் தாண்டி வாறதுக்குள்ளை நாங்கள் பதினொரு வீடும் அங்கை நிப்பம். இந்த ஆக்களை விட்டிட்டு வந்தால் உங்கடை அப்பா லொங்குய்யிலை ஆரோடை கதைக்கிறது?"

மகள் ஒரு பெட்டியைக் கவிழ்த்து அதில் இருந்துவிட்டாள். தகப்பனைப் பார்த்தாள். அவர் மெசினில் இல்லாத ஒரு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் இருந்தபடியே, "எனக்கும் வாக்கு இருக்கோ?" என்று கேட்டாள்.

சிவலிங்கத்தார் யாப்பைப் புரட்டினார். "இல்லை" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கையை உயர்த்தும், பிள்ளை" என்றார்.

உயர்த்தினாள். நாங்கள் பதினொரு பேரும் உயர்த்தினோம். கடைசியாய் ஐயாவின் மாவுக்கட்டுப் போட்ட கையும் மெல்ல எழும்பியது. "பதின்மூன்று" என்று எண்ணி முடித்தவர் அப்படியே குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஒழுங்குப் பிரச்சினை!" என்று கத்தினார் சிவலிங்கத்தார். "சபாநாயகர் சபையிலை அழக் கூடாது!" அவருடைய குரலே உடைந்துபோயிருந்தது.

அதை வழிமொழிய ஒருத்தரும் இல்லை. கூட்டக் குறிப்பில் அந்த இடம் இன்றைக்கும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. எழுத வேண்டிய எனக்கு அப்போது தாள் தெரியவில்லை.